ஏழாவது கண்

தணிகாசலம் கடலைப் பார்த்ததில்லை.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டே
நாலு கடல் நாவல் எழுதினார்.
நாலாவது அச்சேறவில்லை.
ராவெல்லாம் தோல் டிரம் சுழன்று
தண்ணீரை அடிக்கிற சத்தத்தில்தான்
அவருக்கு அலை கிடைத்தது என்பான் மகன்.
சாயங்காலமானால் பாலாறு.
பழைய பாலத்தின் ஏழாவது கண்ணுக்குக் கீழே
ஒரு பாறை, அதுதான் அவர் இடம்.
செருப்பைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவார்,
அலை வந்து நனைத்துவிடும் என்பதுபோல.

அவர் போன மறுவருஷம்
பதினோரு வாசகர்கள் கூடினோம்.
(ஒருவர் வாசகரில்லை, பிரியாணிக்கு வந்தவர்.)
கடலோரப் புதையல் வேட்டை என்று
நோட்டீஸ்கூட அடித்தோம்.
துப்பெல்லாம் அவர் வரிகள்.
'கலங்கரை விளக்குக்கு முதுகு காட்டி நில்':
அது செல்போன் டவர்.
'உப்பளம் முடிகிற இடத்தில் திரும்பு':
காய்ந்து வெளுத்த கழிவுநீர்க் கால்வாய்.
'நங்கூரம் துருப்பிடித்த துறை'க்கு
எனக்கு ஒன்றும் கிடைக்காமல்
யாரோ விட்டுப்போன போர்வெல் பைப்பைக் காட்டினேன்.

எத்திராஜ் முட்டிவலியை மறந்து ஓடினார்.
ஃபர்ஹானா துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு
பாறையிலிருந்து மேற்கே
முப்பத்திரண்டு அடி எண்ணப் போனவள்
முப்பதில் நின்றுவிட்டாள்.
அதற்கப்புறம் ஆறு இல்லை.

ராத்திரி லாரி வந்து போயிருக்கிறது.
ஆள் மட்டத்துக்குப் பள்ளம்.
டயர்த் தடம் கரையேறி
ஹைவே வரைக்கும் தெளிவாகப் போனது,
நான் எழுதிய எந்தத் துப்பையும்விட.

'அப்படி என்னதான் வச்சீங்க?' என்றார் பிரியாணிக்காரர்.
ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே அவர் மேஜைமேல் இருந்த சங்கு,
மகாபலிபுரம் போய்வர வேன் சீட்டு இரண்டு,
கண்டெடுத்தவர் அழைக்க என் நம்பர்.

பிரியாணி சாப்பிட்டோம். வேறென்ன செய்வது.

ஒன்பதாம் நாள் ஒரு போன்.
சத்துவாச்சாரியில் கட்டட வேலை,
மணல் சலிக்கிற பெண், பேர் உண்ணாமலை.
'சல்லடையில டப்பா ஒண்ணு மாட்டுச்சு.
நம்பர் போட்டிருந்திச்சு. யாருதுங்க?'
உங்களுடையதுதான் என்றேன்.
வாழ்த்துகள் என்றேன்.
கடல் என்றேன்.
கொஞ்ச நேரம் கலவை மிஷின் சத்தம் மட்டும்.
'ஞாயித்துக்கிழமையும் வேல இருக்குதுங்க.
சீட்டுக்குப் பதிலா துட்டு குடுப்பீங்களா?'

கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணி வாங்கினாள்.
சங்கை மட்டும் திருப்பிக் கேட்டேன்,
அவர் மகனுக்காக.
'பொண்ணு குடுக்க மாட்டேங்குது சார்.
காதுல வச்சிக்கினேதான் தூங்குது.'
கடல் சத்தம் கேட்கிறதாமா?
'அதெல்லாம் தெரியலீங்க.
மாடித் தொட்டி ரொம்புதுன்னு சொல்லுது.
ராவுல எழுந்து
மோட்டார நிறுத்தவான்னு கேக்குது.'