நல்ல காற்று

விளக்கில்லாத அறையில் பார்த்த சிவப்பு
என்னிடம் வருகிறது.
ஒரு சாண் உயரப் பெட்டிக்குள் நுழைந்து
வெளியேறும்போது
யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட சிவப்பு.
நடுவில் நடப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மேசையில் தம்டின்.
உலான்பத்தூரின் வடக்கு மேட்டில்
நிலக்கரி மூட்டை விற்பவன்.
வால்வு ஒன்று கீல் கழன்ற கதவாகி
அனுப்பிய ரத்தத்தையே
திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

எர்தெனெபிலெக் கவ்வியை இறுக்கினார்.
"மணி?"
"பத்து நாற்பத்தொன்று."
பொட்டாசியம் குளிரக் குளிர இறங்கியது.
இதயம் இரண்டு முறை யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.

அது நின்றால்தான் எனக்கு அதைப் பற்றி நினைக்க நேரம்.
ஒன்றல்ல அது,
ஒரே சுவரைப் பகிரும் இரண்டு குடித்தனம்.
வலப்பக்கத்துக்காரிக்குப் பக்கத்து வீடுவரைதான் நடை,
நுரையீரல்.
ஆனால் அதிராமல் போக வேண்டும்,
அங்கே சுவரெல்லாம் சோப்புக்குமிழி.
இடப்பக்கத்துக்காரன் கால் கட்டைவிரல்வரை போகிறவன்,
சதை மூன்று மடங்கு.
என்ன மிரட்டினாலும்
அவள் அனுப்பாத சொட்டு
அவன் கையில் இருக்காது.

காற்றிழந்த நுரையீரல் ஓரமாய்ச் சுருங்கிக் கிடந்தது.
இளஞ்சிவப்பு என்கிறது பாடப்புத்தகம்.
இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.
சாம்பல் நிறம், அதன்மேல்
வரைபடத்து ஆறுகள்போலக் கரிக்கோடுகள்.
பாதி அவன் மூட்டை.
பாதி அவனிடம் வாங்கியவர்களின் அடுப்பு.
என் அடுப்பும் அதில் இருக்கலாம்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
எதிர்க் கட்டடத்தைக் காணோம்.
ஊரே புகையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க
மயங்கிக் கிடக்கும் ஒருவனுக்கு மட்டும்
வடிகட்டி, அளந்து,
நான் திருகிக் கொடுக்கும் ஆக்சிஜன்.

"இப்போது நகரத்திலேயே நல்ல காற்று
தம்டினுக்குத்தான்" என்றேன்.
மயக்க மருத்துவர் சிரித்தார்.
எர்தெனெபிலெக் தையலில் இருந்தார்.

எழுபத்து நான்கு நிமிடம்.
கவ்வி விலகியதும் இதயம்
வாளியில் விட்ட மீனாக உதறியது.
ஒரு அதிர்ச்சி கொடுத்தோம்.
அசையாமல் இருந்து,
பிறகு தன் வேலைக்கு வந்தது.

நுரையீரலை ஊதினார்கள்.
கரிக்கோடுகளும் சேர்ந்தே விரிந்தன.

பம்பைக் குறைத்தேன்.
நாலு லிட்டர். இரண்டு. அரை.
குழாயில் மிஞ்சியதையும் விடவில்லை,
கடைசிக் கோப்பைவரை அவனுக்கே.
இரவல் வாங்கிய பாத்திரத்தைக்
கழுவித் தருவதுபோல.

தாழ்வாரத்தில் அவன் மனைவி யாஞ்மா,
மடியில் பால் தேநீர் பிளாஸ்க்.
"மூச்சு விடுகிறாரா?"
"விடுகிறார்."
எதை என்று அவள் கேட்கவில்லை.

வெளியே வந்து
முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்தேன்.
புகைக்குள்ளிருந்து பேருந்தின் விளக்குகள் மட்டும்
முதலில் வந்தன.