மூச்சுக் கணக்கு

அத்தூர் படகுத்துறை, காலை ஐந்தரை.
பதினான்கு பேருக்குப் பதின்மூன்று தொலைநோக்கி.
எனக்குத்தான் இல்லை. வேறொருத்தியின் சீட்டில்
இரவுப் பணி முடித்து நேராக வந்தவள்,
சீருடைமேல் ஸ்வெட்டர், கண்ணுக்குள் மணல்.

கப்பல் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது.
மீன் லாரியைவிடக் கொஞ்சம் நீளம்.
நகூதா யாக்கூப் ஒரு கையில் சுக்கான் பிடித்து
மறுகையால் ஏலக்காய் நசுக்கிப் போட்டார் தேநீரில்.

ஒரு மணி நேரத்தில் கைபேசி குலுங்கியது:
கத்தாருக்கு நல்வரவு.
"பறவைக்கு விசா வேண்டாம் பாருங்கள்" என்றார் வங்கிக்காரர்.
எல்லோரும் சிரித்தோம், வழிகாட்டி முனீராவைத் தவிர.
ஒவ்வொரு பயணத்திலும் கேட்கிறாளாம் அதை.

ஹவாருக்கு முன்னால் வந்து சேர்ந்தது
ஹவாரின் வாடை.
தீவு கறுப்பாயிருந்தது.
பிறகு அந்தக் கறுப்பு எழுந்து பறந்தது.

நீர்க்காகங்கள்.
தண்ணீருக்கு ஒரு சாண் மேலே
ஈசிஜி தாளில் ஓடும் கோடுபோல்
ஏறி இறங்கி, அறாமல்.
"யாராவது எண்ண முடியுமா?"
ஸ்வெட்டருக்குள்ளிருந்து கடிகாரத்தை எடுத்தேன்.
பதினைந்து வினாடிக்கு எழுபத்தேழு. பெருக்கல் நான்கு.
நாடி பார்க்கிற கணக்குதான்.
நிமிடத்துக்கு முன்னூற்றெட்டு
என்று குறித்துக்கொண்டாள் முனீரா. 
நாற்பது நிமிடம் ஓடியது கோடு.

தெற்கே ஆழமில்லாத புல்வெளிமேல் இன்ஜினை நிறுத்தினார்கள்.
சாம்பல் பாறை ஒன்று நகர்ந்தது.
அதற்கு மூக்கிருந்தது.
இரண்டு துளை, மூடி திறந்து,
புஸ்ஸென்று ஒரு மூச்சு.
கடற்பசு என்று நான் சொல்வதற்குள்
சமையலறைக் கதவில் கரண்டியோடு சவேரியான்
"ஆவுளியா" என்றான்,
பேர் சொன்னால் திரும்பும் என்பதுபோல்.
தேவிபட்டினத்துக்காரன்.

முதல் மூச்சுக்கும் இரண்டாவதற்கும்
இரண்டு நிமிடம் நாற்பது.
கேட்காமலே எண்ணத் தொடங்கியிருந்தேன்.

நேற்றிரவு நான்காம் படுக்கையில்
சாரக்கட்டிலிருந்து விழுந்த லோக்நாத்.
ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் பத்து வினாடி,
இருபது,
முப்பத்தைந்து.
அதையும் எழுதினேன். அட்டையில் அடுத்த கட்டம் காலி.
அவர் பைக்குள் கைபேசி ஐந்து முறை அடித்தது.
எடுக்க எங்களுக்கு அனுமதியில்லை.

மூன்று நிமிடம்.
நான்கு.
தொலைநோக்கிகள் ஒவ்வொன்றாய் மடியில் இறங்கின.
யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள்.
"போயிருக்கும்" என்றாள் முனீரா.
"இன்னும் ஒரு நிமிடம்" என்றேன்,
டாக்டரிடம் சொல்கிற குரலில்.
யாக்கூப் என்னைப் பார்த்தார்,
சாவியிலிருந்து கையை எடுத்தார்.

ஐந்து. ஐந்தரை.
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

முதுகில் கரண்டி தட்டியது.
"இந்தப் பக்கமே பாத்துட்டிருந்தா எப்படி, சிஸ்டர்?"
மறுபுறம் ஓடினேன்.
கலைந்துகொண்டிருந்த வட்டம் ஒன்று,
அதற்குள் சின்னதாய் இன்னொன்று.
"குட்டியும் இருக்கு.
ரெண்டு தடவ வந்துட்டுப் போயிருச்சு."

அந்த மூச்சுகளின் நேரம்
எந்த நோட்டிலும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் உயிர்காப்புச் சட்டையைத்
தலைக்கு வைத்துத் தூங்கினேன்.
பஹ்ரைனுக்கு நல்வரவு என்றதாம் கைபேசி.
வங்கிக்காரர்தான் சொன்னார்.