மண்டி ஹவுஸில் ஒரு டிக்கெட் அதிகம்

ஐந்தே முக்காலுக்குச் செவ்வந்தி எழுதினாள்:
'தலைவலி. நீ போ.'
முனிர்க்காவிலிருந்து இவ்வளவு சுருக்கமாக
இதற்குமுன் ஒரு தலைவலி வந்ததில்லை.

அதற்குள் நான் மெட்ரோவின் வயிற்றிலிருந்து
மேலே ஏறிவிட்டிருந்தேன்.
ரவுண்டானாவிலிருந்து எந்தச் சாலையில் திரும்பினாலும்
ஏதோ ஒரு மேடையில் போய் முட்டுகிற இடம்.
போன மாத அரசியின் கன்னத்தின் மேல்
இந்த வாரக் கொலைகாரனின் மீசையை
ஒட்டிக்கொண்டிருந்தான் ஒருவன், பசை வாளியோடு.
குட்டை மதிலில் நாடகப் பள்ளிப் பிள்ளைகள்
ஒரு டீயை மூன்றாகப் பிரித்துக்கொண்டு
ஒரே வசனத்தை ஏழு விதமாய்ச் சொல்லிப் பார்த்தார்கள்:
கதவைத் திற. கதவைத் திற.
ஏழாவது தடவை எனக்கே
எழுந்துபோய்த் திறக்கத் தோன்றியது.

நேரத்தைக் கொல்ல ஓவியக் கூடத்துக்குள் போனேன்.
சுவர் முழுக்க நீலம். ஓரத்தில் ஒரு கொசு.
கொசுவும் ஓவியத்தைச் சேர்ந்ததா என்று
காவலாளியிடம் கேட்க வாயெடுத்தேன்.
பறந்துவிட்டது.
கீழே கேன்டீனில் கபாப் தீர்ந்துபோயிருந்தது;
கபாப் பற்றிப் பேசுகிறவர்கள் தீரவில்லை.

அரங்க வாசலில் இரண்டாவது டிக்கெட்டை
விற்கவும் தெரியாமல், கொடுக்கவும் தெரியாமல்
கல்யாண மண்டபத்தில் மொய்க்கவர் போலப்
பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவர் வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப்,
கழற்ற மறந்ததா, கழற்றுவதே இல்லையா தெரியாது.
ஷகூர். சீலம்பூர்.
'ராஜாவின் அங்கி நான் தைத்தது.
பாஸ் தருகிறேன் என்றார்கள். இப்போது போனை எடுக்கவில்லை.'

ஜி பதினான்கு. ஜி பதினைந்து.
விளக்கு அணைந்தது.

காது கேட்காத ராஜாவின் கதை, நகைச்சுவை.
என் இந்தி அலுவலக இந்தி,
சுற்றறிக்கைக்குப் போதும், சிரிப்புக்குப் போதாது.
அரங்கு சிரித்து முடித்த பிறகு
என் சிரிப்பு மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போய்
மாட்டிக்கொள்ளும்.
ஷகூர் சிரிக்கவே இல்லை.
ராஜா வாளை ஓங்கும்போதெல்லாம்
நாற்காலியை இறுகப் பிடித்தார்.
'வலது கை,' என்றார் என் காதில்,
'துணி ஒரு சாண் குறைந்துவிட்டது. ஒட்டுப் போட்டிருக்கிறேன்.
பிரிந்தால் மூன்றாம் காட்சியில்தான் பிரியும்.'
பிறகு நானும் கதையை விட்டுவிட்டேன்.
நானூறு பேர் ராஜாவைப் பார்த்தார்கள்.
நாங்கள் இரண்டு பேர் அக்குளைப் பார்த்தோம்.

மூன்றாம் காட்சி. மந்திரிமேல் பாய்ந்தார் ராஜா.
கை முழுசாக உயர்ந்து
அங்கேயே ஒரு கணம் நின்றது,
ஜரிகையில் விளக்கு ஓடி இறங்கியது,
ஜி பதினைந்தில் ஒரு மூச்சும்.
கைதட்டுகிற இடமே இல்லை அது.
நான் தட்டினேன்.
எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு
எதையோ தவறவிட்ட பயத்தில்
அவசரமாகச் சேர்ந்துகொண்டார்கள்.

பெங்காலி மார்க்கெட்டில் அவர் காசு.
'சூஜியா, ஆட்டாவா?' என்றார் கோல்கப்பாக்காரர்,
பிளாஸ்டிக் உறை மாட்டிய கையை
பானைக்கு மேல் நிறுத்தி.
புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் 'ரெண்டும்' என்றேன்.
ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு,
இந்தப் பூரிக்கு வாய் திறக்கிற அகலம் ஒன்றுதான்.
புளித்தண்ணீர் மூக்கில் ஏறி இருமியபோது
ஷகூர் என் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.
'ரெடிமேட்,' என்றார்,
துக்கம் விசாரிக்கிற குரலில்.

பத்து நாற்பது. ரயில் வரும் காற்று.
செவ்வந்தி: 'நாடகம் எப்படி?'
ராஜா கடைசியில் செத்தாரா, ஜெயித்தாரா,
காதாவது கேட்டதா,
சத்தியமாக எனக்குத் தெரியாது.
'கை பிரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

நீல டிக் விழுந்தது.
எழுதுகிறாள் என்று காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
பாராகம்பாவில் கதவு திறந்தது,
யாரும் ஏழு தடவை சொல்லாமலே.