நாற்பத்தொன்றைக் கழித்து

மூடியின் நடுவில் விரலால் அழுத்தினேன், குழிந்தது.
பெட்டியில் அலுமினியம் என்று போட்டிருந்தான்.
பாதி பிளாஸ்டிக்.
ஒற்றைக் கையால் திறந்தால் அடிப்பாகமும் எழுகிறது
தோசையோடு கல்லும் வருகிற மாதிரி.
இடது கீலில் ஒரு முனகல்.
நோட்டில் எழுதினேன்: கீல், முந்நூறு குறைவு.

எதிர் ஸ்டூலில் அனிமேஷ்
பல் பிடுங்க வந்தவனைப் போல உட்கார்ந்திருந்தான்.
கூச்பிகார்க்காரன். பாபுராவ் தெரு லாட்ஜில் ஐந்தாவது மாதம்.
அம்மாவுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கம் யாரும் யாரையும் கேட்பதில்லை,
கையிலிருக்கும் ஃபைலின் தடிமனைப் பார்த்துக்கொள்வோம்.
எங்கள் வீட்டு உருதும் அவன் இந்தியும்
எப்படியோ நடுவழியில் சந்தித்துக்கொண்டன.
விலைக்கு மட்டும் தமிழுக்கு வந்தான்:
"அக்கா, நாப்பத்தஞ்சு."
ஆட்டோக்காரர்கள் கற்றுக்கொடுத்த எண்கள்.

திரை நன்று. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.
கீழ்மூலையில் மட்டும் கொஞ்சம் கசிவு,
சாத்திய கதவுக்கடியில் வராந்தா விளக்கு தெரிவதைப் போல.
கீபோர்டில் டபிள்யூ தேய்ந்து வெறும் பளபளப்பு.
ஏ பாதி இருக்கிறது.
பின்வாங்கும் எஸ், கடையில் வாங்கிய அன்றைய எஸ்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன், எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து:
மழையில் ஒரு நகரம், எரியும் பாலம், பாலம் நிறைய எதிரிகள்.
ஐந்து நிமிடம் தொண்ணூற்றிரண்டு ஃப்ரேம். வெண்ணெய்.
ஏழாவது நிமிடம் விசிறி வீறிட்டது,
காட்பாடியில் நிற்காமல் போகும் வண்டி.
சிப் தொண்ணூற்றேழு டிகிரி,
ஃப்ரேம் ஐம்பத்தொன்று, நாற்பத்துநான்கு,
உள்ளங்கைக்கடியில் பகல் ஒருமணிக் கோட்டைச் சுவர்.

"லாட்ஜ்லயும் இதே சத்தம். பக்கத்து ரூம்காரர்
சுவரைத் தட்டுவார். போர்வை போட்டு மூடிட்டு ஆடுவேன்."
"எப்போ?"
"வார்டுலேர்ந்து வந்தப்புறம். ரெண்டு மணி, மூணு மணி."
போர்வையா! தலையில் அடித்துக்கொண்டு
அடிப்பாகத்தைக் கழற்றினேன்.
காற்றுத் துவாரங்களில் நீலக் கம்பளி நூல்.
இடுக்கியால் இழுக்க இழுக்க வந்தது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
மறுபடி பூட்டி பேட்டரியில் விட்டேன்.
முப்பத்தாறு நிமிடம், அதோடு சரி.
தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் ஊரை வைவார்கள்.
சாமி கோயிலுக்கு வந்து எவ்வளவோ வருஷமாயிற்று,
ஆற்றில்கூட அவ்வப்போது வெள்ளம் வருகிறது,
வசவு மட்டும் அப்படியே.
அதில் சார்ஜ் நிற்காத லேப்டாப்பையும் சேர்த்துவிடலாம்.

இருபத்திரண்டு டிகிரி ஏசியில் உட்கார்ந்து
இதே மாடலுக்கு யாரோ பத்துக்கு ஆறு போட்டிருக்கிறார்கள்.
என் கடைக்குத் தகரக் கூரை.
சுற்றியிருக்கும் மொட்டை மலைகள்
பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வட்டியோடு திருப்பித் தருபவை.
அன்று வெளியே நாற்பத்தொன்று.
அதைக் கழிக்காமல் இங்கே எதையும் எடை போட முடியாது.

கரண்ட் வந்தது.
காய்ந்து பொடியாகியிருந்த பசையைச் சுரண்டி
புதுப் பசை தடவினேன். தூசி ஊதினேன்.
அடியில் இரண்டு ரப்பர் கட்டை முட்டுக் கொடுத்தேன்.
எண்பத்துநான்கு டிகிரி.
எழுபத்தெட்டு ஃப்ரேம், இறங்கவில்லை.
விசிறி இப்போது பேச்சுக்குள் அடங்கும் சத்தம்.

அனிமேஷ் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தான்.
"இவ்வளவு நல்லா ஓடுமா இது?"
அப்புறம், தயங்கி:
"அஞ்சு நிமிஷம், அக்கா? அந்தப் பாலத்துல எப்பவும்
இழுத்து இழுத்து நிக்கும். தாண்டுனதே இல்ல."

சார்ஜருக்கு வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொன்னேன்.
மூன்று முறை செத்தான்.
நான்காவதில் பாலம் அவனுக்குப் பின்னால் இடிந்து விழுந்தது.
சேமிக்கவா என்று திரை கேட்டது.
இன்னும் சற்று நேரத்தில் நான் துடைக்கப்போகும் வட்டு.
ஆம் என்று அழுத்தினான்.

முப்பத்தெட்டு எழுதினேன்.
கீலுக்கு முந்நூறு மட்டும் கழித்தேன்.