வீ பிட்டே

வியாழக்கிழமை நாலரை மணி வகுப்பு.
வேதியியல் ஆய்வகத்தின் பின்னறை.
குழாயில் தண்ணீர் வராது, வாடை மட்டும் வரும்.
பி-ஒன் படிக்கிற பதினொரு பேரில்
ஒன்பது பேர் நர்சிங், ஒருவன் மெக்கானிக்கல்,
ஒருத்தி எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.

ரெஹானா மிஸ் கைபேசியை டஸ்டரில் சாய்த்து
நேரத்தை ஓடவிட்டார்.
மாதிரி வாய்மொழித் தேர்வு, இரண்டிரண்டு பேராக.
எனக்கு எதிரே மெய்யம்மை.
இருபத்திரண்டு நாளாய்ப் பேசாத மெய்யம்மை.

சீட்டைப் பிரித்தோம்:
'உங்கள் தோழி வேறு ஊருக்குப் போகிறாள்.
வழியனுப்பு விழாவுக்குச் சேர்ந்து திட்டமிடுங்கள்.
எங்கே, எப்போது, என்ன சாப்பாடு, என்ன பரிசு.'
மூன்று நிமிடம்.

லைப்ஸிக்கில் ஒரு முதியோர் இல்லம்.
இன்டர்வியூ முடிந்து கடிதமும் வந்துவிட்டது அவளுக்கு.
எனக்குச் சொன்னவர் காலேஜ் வாசல் ஜெராக்ஸ்காரர்:
"உனக்கும் அதேமாதிரி அஞ்சு செட்டாம்மா?"
ஓடிப்போய் நின்றேன். ஏன்டி சொல்லல?
"நீ கேக்கல" என்றாள்.
இரண்டே சொல்.
மனுப் போட்டால்தான் சொல்ல
இவள் என்ன தாலுகா ஆபீஸா?
அன்றிலிருந்து புதுவயல் பஸ்ஸில்
அவள் முன்படி, நான் பின்படி.

பெண்பிள்ளை ஜெர்மனில் அஃறிணை என்றபோது
போன வருஷம் ஒரே பெஞ்சில் விழுந்து சிரித்தவர்கள்தான்.

"சனிக்கிழமை முடியுமா?" ஜெர்மனில் கேட்டேன்.
முடியும் என்றாள்.
"கேக் நான் கொண்டுவருகிறேன்."
கொண்டுவருவதன் வால்
வாக்கியத்தின் கடைசியில் போய் ஒட்ட வேண்டும்.
ஒட்டினேன்.
பரிசு? குடை என்றாள். குளிர் ஊர், கோட்டு என்றேன்.
கோட்டு விலை அதிகம் என்றாள்.
விலையை யார் கேட்டார்கள் என்று
சொல்லத் தெரியவில்லை; தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
அதற்கும் ஒரு வினைவடிவம் உண்டு, எட்டாம் பாடம்,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் சீட்டில் இல்லாத கேள்வி என் வாயில் வந்தது.
வாரும்?
ஏன் என்னிடம் சொல்லவில்லை?
மிஸ் பேனாவை நிறுத்தினார்.
மெய்யம்மை விட்டத்தைப் பார்த்தாள்,
துணைவினை தேடுகிறவர்கள் பார்க்கும் இடம்.
"டு ஹாஸ்ட் நிஷ்ட்..." என்று தொடங்கி
அங்கேயே நின்றாள்.
கெஃப்ராக்ட் என்று முடிப்பாள் என்றிருந்தேன்.
நீ வினவவில்லை.
"...ட்சூகெஹோர்ட்" என்றாள்.

நீ காதுகொடுக்கவில்லை.

நம்முடைய ஒரே 'கேள்' அங்கே இரண்டாகப் பிரிந்து
ஆளுக்கொரு வீட்டில் இருக்கிறது.
இருபத்திரண்டு நாளும்
தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

புதுவயலில் பஸ் நிற்கிற இடம் ரைஸ்மில் வாசல்.
அவித்த நெல் வாடையில்,
உமி பறக்க, அரைவை அலற,
மாசி மாதம் ஒருநாள் அவள் ஏதோ சொன்னாள்.
நான் சிரித்துத் தலையாட்டினேன்.
இரைச்சலில் எல்லோரும் செய்வதுதான் அது.
பாதிக் காதில் இயர்போனும் இருந்தது.

கைபேசி அடித்தது.
"தலைப்பை விட்டு வெளியே போய்விட்டீர்கள்,
பரிசு முடிவாகவில்லை" என்றார் மிஸ்.
கொஞ்சம் பொறுத்து,
"இறந்தகாலம் மட்டும் சரியாக இருந்தது."

சாயங்கால பஸ்ஸில் பின்படியில் இடமிருந்தும்
முன்படியில் ஏறினேன்.
கோட்டையூர் வரை ஒன்றுமில்லை.
பள்ளத்தூரில் ஒரு குழந்தை என் செருப்பில் வாந்தி எடுத்தது;
அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

புதுவயலில் இறங்கினோம்.
மில் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் வாய் அசைந்தது. தேதியோ, விமானமோ,
வெறும் 'நாளைக்குப் பார்ப்போம்' தானோ.
தலை தானாக ஆடப் பார்த்தது.
இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டு
முகத்தருகே போய்க் கத்தினேன்,
முதல் வகுப்பில் கற்றதை,
வகுப்புக்கு வெளியே முதன்முறையாக:

வீ பிட்டே?