கால் சுற்று

விழவில்லை. யாரும் மிதிக்கவில்லை.
வண்டி சர்வீசுக்குப் போயிருந்த நாள்,
கெடிலம் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க
சாய்வெயில் பக்கவாட்டில் நுழைந்தபோதுதான் பார்த்தேன்:
மடியில் கிடந்த கறுப்புக் கண்ணாடியின்
வலது வில்லை ஓரம்,
திருகாணி கடித்த துளையைச் சுற்றி
ஏழு கோடுகள்.
முடி என்று நினைத்து ஊதினேன்.
முந்தானையால் துடைத்தேன்.
நகத்தால் வருடினேன், நகத்துக்குத் தெரியவில்லை.
உள்ளே இருந்தன.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவள் நான்.
புதுப்பாளையம், வண்டிப்பாளையம், தெரு தெருவாக
மீட்டர் பெட்டிகளிடம் தலை நீட்டுவது வேலை.
‘கண்ணுல சதை வளருது, வெயில மறைங்க’ என்று
ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு வாங்கியது.
பிரேம் கிடையாது. போட்டதே தெரியாது.
முதல் வாரமே வியர்வையில் மூக்கைவிட்டு வழுக்க,
தையல் மிஷின் டிராயரில் கிடந்த குட்டித் திருப்புளியால்
இறுக்கினேன்.
அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.
அதற்கடுத்தும்.
ஆடாமல் நின்றது.
என் வீட்டில் ஆடாமல் நின்ற ஒரே பொருள்.

இதைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தால்
மீட்டர் எண்கள் இருண்டுவிடும்.
கழுத்தைச் சாய்த்தால்தான் மேலே வரும்.
அப்படிச் சாய்த்த ஒரு பதினோரு மணிக்கு
அந்த ஏழில் ஏதோ ஒன்றில் வெயில் தெறித்து
ஒரு மூன்றின் திறந்த பக்கத்தை மூடிவிட்டது.
4371, என் கையில் 4871.

அஞ்சலாட்சி வீட்டில் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு,
பிள்ளை அழுதால் மட்டும் போடுகிற டிவி.
இருநூறுக்குள் வர வேண்டிய பில்
மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
கத்துவாள் என்று பார்த்தேன்.
சீட்டை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு
மெதுவாகத்தான் கேட்டாள்:
‘கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னத்தக்கா பாத்த?’

முதலில் மீட்டர் கண்ணாடியைத்தான் குறை சொன்னேன்.
அவளே துடைத்துக் காட்டினாள்.
பளிங்கு.

லாரன்ஸ் ரோட்டில் சர்புதீன் கடை.
ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு
நெடுநேரம் பேசவில்லை.
‘கீழ போட்டா கீறும், இல்ல ஒடையும்.
இது இறுக்குனது. தொளை தாங்காம
உள்ளுக்குள்ளயே நூலு விட்டிருக்கு.
வண்டி டிக்கில வெச்சீங்களா?’
வெச்சேன்.
‘சானிடைசர்ல தொடைச்சீங்களா?’
துடைச்சேன்.
‘திருப்புளி போட்டது?’
நான் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் பார்த்தேன்.
கடைசி வரிவரை நன்றாகத் தெரிந்தது.

பசை?
‘போவாது.’
தேய்த்தால்?
‘தேய்க்கிறது மேல. இது உள்ள.’
புது வில்லை ஜோடி ஆயிரத்து எண்ணூறு என்றார்.
பையில் அஞ்சலாட்சியின் பில் இருந்தது.
இதோட எத்தனை நாள் ஓட்டலாம், என்றேன்.
சிரித்தார்.
திருகாணியைத் தளர்த்தினார், கால் சுற்று.
‘இக்’ என்றது, வில்லையோ நானோ.
கடுகில் பாதி இருக்கும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை
இடையில் போட்டார்.
‘ஆடும். ஆடட்டும்.’

ஆடுகிறது.
நடக்கும்போது காதோரம் மெல்லத் தட்டுகிறது.
மீட்டர் வந்தால் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு
வெறுங்கண்ணைச் சுருக்கிப் படிக்கிறேன்,
வாய்விட்டு, ஒவ்வொரு எண்ணாக.
வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பில்லைத் திருத்தும் படிவத்தில்
‘காரணம்’ என்ற கட்டத்தில்
‘கண்ணாடி’ என்று எழுதினேன்.
எந்தக் கண்ணாடி என்று ஆபீசில் யாரும் கேட்கவில்லை.
சீல் விழுந்தது.

இரண்டு மாதம் கழித்து, கணக்கெடுப்பு முடிந்த இரவு,
செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எண்ணினேன்.
பழைய அட்டையின் முதுகில் எழுதினேன்:
முந்தைய அளவு, ஏழு.
தற்போதைய அளவு, எட்டு
என்று எழுதப் போகையில்
சும்மா ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.

பறந்தது.