ஓட்டுச் சர்க்கரை

தடைக்காலத்தின் ஐம்பத்து மூன்றாம் நாள்.
மண்டபம் தென்கடலில்
விசைப்படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன.
இறால் உரிக்கும் கூடத்துக்குப் பூட்டு.
சாவி நாகூர்கனியின் இடுப்பில்,
நாகூர்கனி கட்டிலில்.

எனக்கு ஆய்வகத்தில் இரவு முறை.
குடுவைக்குள் கடல்நீர், அதற்குள் ஒரு பாக்டீரியா.
அதன் லத்தீன் பெயரைச் சொன்னபோது
பெனிட்டா, யாரோ கப்பல் கேப்டன் என்று நினைத்தாள்.

அதன் மரபிழைமேல்
கால் அகட்டி உட்கார்ந்திருக்கிறது ஒரு புரதம்.
அது எழும்வரை
ஓடு தின்னும் நொதிகள் உருவாகாது.
இல்லாத இறாலுக்கு எதற்குக் கத்தி?

மாலையில்
ஒரு கரண்டி ஓட்டுத் தூள் போட்டேன்.

கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் நடக்கிறது:
கரைந்த துணுக்கு ஒன்று
வாசலிலேயே ஒரு பாஸ்பேட்டைச் சூடிக்கொண்டு
உள்ளே போய்
அந்தப் புரதத்தின் மடியில் அமர்கிறது.
புரதத்தின் இடுப்பு மயிரிழை திரும்புகிறது.
பிடி விடுகிறது.
உத்தரவு போட்டவர் யாருமில்லை,
வந்த சாப்பாடேதான் சேதி.

நெடுநாள் புரியாமல் இருந்தது:
கத்தி இல்லாதபோது
முதல் துணுக்கை அறுத்தது யார்?

புரதம் அவ்வப்போது கண்ணயர்கிறதாம்.
அந்த நேரத்தில் தப்பித்து வந்த
ஒன்றிரண்டு நொதிகள்
வெறுங்கடலைச் சும்மா துழாவிக்கொண்டே இருக்கின்றனவாம்.
இந்த அசட்டை மட்டும் இல்லையென்றால்
ஓட்டுமலை நடுவிலும் பட்டினிதான்.

தடைக்காலம் முழுக்க
விடியலில் துறைக்கு நடக்கிறாள் பெனிட்டா,
பைக்குள் கத்தியோடு.
'வேலை இல்லன்னு தெரியும்,
சும்மா பாத்துட்டு வர்றேன்.'

இரண்டாம் குடுவையில்
அந்தப் புரதத்தையே நான் நீக்கிவிட்ட வகை.
இராப்பகலாகக் கத்தி தீட்டுகிறது.
எப்போதும் தயாராக இருந்தே
இளைத்துப்போனது, பாவம்.

மூன்றே முக்கால்.
முதல் குடுவை கலங்கிவிட்டது.
எண்ணைக் குறித்தேன், பேனா மை தீர்ந்து
கடைசி இலக்கம் வெறும் கீறல்.

வெளியே வந்தால்
நாட்டுப்படகொன்று கரையேறியிருக்கிறது,
இரண்டே கூடை இறால்.
'ரெண்டு கூடைக்கெல்லாம் கூடம் திறக்க முடியாது'
என்கிறார் நாகூர்கனி, கண்ணைத் திறக்காமலே.

பெனிட்டா பதில் சொல்லவில்லை.
ஈரமணலில் சாக்கு விரித்து
உரிக்கத் தொடங்குகிறாள்.
உரித்த ஓடுகளைத் திரும்பிப் பார்க்காமல்
தோளுக்குப் பின்னே
அலையில் எறிகிறாள்.